இரண்டரை மில்லிமீட்டர்

ஓசூர்,
10.8.2003

பூங்கொடிக்கு,

ஆசிகள். நானும் உன் அம்மாவும் நலம். நான் எழுதுகிறேனே என்று மலைக்காதே, காரணம் இருக்கிறது. அடுத்த மாதம் 28ஆம் தேதி பெங்களூரில் கம்பெனி கோல்ஃப் போட்டி. இன்ஸ்பெக்‌ஷன் டிபார்ட்மெண்டிலிருந்து எம்.டி. என் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்! உன் அப்பன் பரமசிவம் கோல்ஃப் ஆடப்போகிறான், நம்ப முடிகிறதா?

பெங்களூரில் ஒரு கடைக்குப் போனேன். "சாருக்கு ஸ்டிஃப் வேணுமா, ரெகுலரா?" என்றான். ஒன்றும் புரியாமல், "யோசிச்சு சொல்றேன்பா" என்று நழுவி வந்துவிட்டேன். எத்தனை மட்டை, என்ன ஷூ, என்ன சட்டை? உடனே எழுது. இன்னொரு முறை அங்கே அசடு வழிய என்னால் முடியாது.

இப்படிக்கு,
அப்பா


சிங்கப்பூர்,
19.8.2003

என் அன்பு அப்பா,

கவரில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் லிஃப்டிலேயே அழுதுவிட்டேன். என் கல்யாணத்துக்குப் பிறகு, பதினான்கு மாதங்களில், நீங்கள் எழுதும் முதல் கடிதம். அதுவும் கோல்ஃப் மட்டை கேட்டு!

எனக்குக் கோல்ஃப் தெரியாது. யாருக்குத் தெரியும் என்று உங்களுக்கும் தெரியும். நீங்கள் பெயரைச் சொல்லாவிட்டாலும் என் வீட்டுக்காரர் ஹரீஷ் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எழுதித் தந்தது இது: ஸ்டிஃப், ரெகுலர் என்பது மட்டைத் தண்டின் விறைப்பு. உங்கள் வயதுக்கு ரெகுலர். ஏழு மட்டை போதும். கையுறை இடது கைக்கு மட்டும். காலர் வைத்த சட்டை கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. ஷூவை மாலையில் போய் வாங்குங்கள். காலையில் சரியாக இருப்பது சாயங்காலம் கடிக்கும்.

மட்டை வாங்கவே வேண்டாமாம். முதல் சம்பளத்தில் வாங்கிய தன் பழைய செட்டை நண்பர் மூலம் கொடுத்தனுப்புகிறார். உத்தனப்பள்ளி தெலுங்கு வீட்டுப் பையன் பொருள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள் அப்பா.

உங்கள்,
பூங்கொடி


ஓசூர்,
7.9.2003

பூங்கொடிக்கு,

மட்டைகள் வந்துவிட்டன! திருப்பி அனுப்பவில்லை. ஷூ மாலையில்தான் வாங்கினேன். சட்டை பச்சை நிறம். "கிளி மாதிரி இருக்கறீங்க" என்று உன் அம்மா சிரித்தாள். மொட்டை மாடியில் தினமும் நூறு தடவை வீசுகிறேன்.

ஒரு விஷயம். அந்தப் பெரிய மட்டை, டிரைவர், மரத்தலை வைத்தது, அதில் குறை இருந்தது. பந்தை அடிக்கும் முகத்தில் எஃகு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நடுவில் மேடு, இரண்டு ஓரத்திலும் இரண்டரை மில்லிமீட்டர் இடைவெளி! சிங்கப்பூர் ஈரத்தில் மரம் உப்பியிருக்கும். கம்பெனிக்கு எடுத்துப்போய் அரம் போட்டு, பட்டுப்போல் மட்டமாக்கிவிட்டேன். இருபத்தாறு வருஷ இன்ஸ்பெக்‌ஷன் கண் இது. அவரிடம் சொல்லிவிடு.

அப்பா


சிங்கப்பூர்,
16.9.2003

அப்பா,

தலையில் கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அது உப்பல் இல்லை. டிரைவரை அப்படித்தான் செய்வார்களாம். பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும், வெளியே போய் வளைந்து நடுவுக்குத் திரும்பி வரத்தான் அந்த மேடாம்.

பதறாதீர்கள். ஹரீஷுக்குக் கோபமில்லை. "மாமா என் பொருளைக் கையில எடுத்து வேலை செஞ்சாரில்ல, விடு" என்றார். எனக்குத்தான் வருத்தம். ஒரு வரியாவது தனக்கு வருமா என்று தபால் பெட்டியைத் தினமும் திறந்து பார்க்கிறவர் அவர். இன்னும் எத்தனை நாள் எனக்கே எழுதி அவரிடம் சொல்லச் சொல்வீர்கள்?

பூங்கொடி


ஓசூர்,
29.9.2003

அன்புள்ள மாப்பிள்ளை ஹரீஷ்குமாருக்கு,

போட்டி முடிந்தது. நாற்பது பேரில் முப்பத்தொன்பதாவது வந்தேன்! எனக்கும் பின்னால் அக்கவுண்ட்ஸ் மேனேஜர். முதல் அடி, நான் அரம் போட்ட மட்டையால். பந்து வலப்பக்கம் தைலமரத் தோப்புக்குள் போனது, திரும்பவே இல்லை. பிறகு உங்கள் ஏழாம் நம்பர் இரும்பு மட்டைதான் மானத்தைக் காப்பாற்றியது. ஒரு அடி, குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்திலேயே விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். வாய்விட்டுக் கத்திவிட்டேன்.

மட்டையைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள். அளவுக்கு ஒத்துவராததை ரிஜெக்ட் என்று ஒதுக்கியே பழகிய கை. எதற்கு இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மட்டை விஷயத்தில் மட்டும் சொல்லவில்லை.

சாப்பிடும்போது எம்.டி. பையைத் தடவிப் பார்த்து, நல்ல செட், யார் கொடுத்தது என்று கேட்டார். "என் மாப்பிள்ளை கொடுத்தது சார்" என்றேன். டிபார்ட்மெண்டே திரும்பிப் பார்த்தது. எனக்கு மகள் இருப்பது தெரியும், மாப்பிள்ளை இருப்பது அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது.

போன வருஷம் உங்களைத் தலைதீபாவளிக்கு அழைக்கவில்லை. வீட்டில் விளக்குகூட ஏற்றவில்லை, பூங்கொடியின் அம்மா அழுதுகொண்டே இருந்தாள். இந்த வருஷம் அக்டோபர் 24. பூங்கொடியை அழைத்துக்கொண்டு வாருங்கள். உத்தனப்பள்ளிக்கு நாளை நானே போய் உங்கள் அப்பா அம்மாவையும் அழைக்கிறேன்.

உங்கள் மாமா,
பரமசிவம்