கிளவுடுக்குப் போக என்ன செலவாகும்

அக். 6, திங்கள்

காலையிலேயே புழுக்கம். பொன்னேரி ஸ்டேஷனில் வழக்கம்போல வீட்டுக்காரர் தெற்கே, நான் வடக்கே. அவருக்கு அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. எனக்கு கும்மிடிப்பூண்டியில், உலோகம் வார்க்கும் பவுண்டரியில் கம்ப்யூட்டர்ப் பிரிவு. டிபன் பாக்ஸ் மாறிவிட்டது. அவருடைய புளிசாதம் என்னிடம்.

எம்.டி. மேடம் கூப்பிட்டார். பெரியவர் ஒதுங்கி மகள் பொறுப்பேற்ற பிறகு என்னைத் தனியாக உட்காரவைத்துப் பேசியது இதுதான் முதல் முறை. சர்வர்களை எல்லாம் கிளவுடுக்கு மாற்ற வேண்டுமாம். நம் அறையில் நம் பெட்டிகளை வைத்துக் காப்பதை விட்டுவிட்டு, எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் மாத வாடகைக்கு இடம் பிடிப்பது. மொத்தம் எவ்வளவு ஆகும் என்று மதிப்பீடு போட்டுத் தர வேண்டியது நான். தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூட்டம்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். போன வருட மழையில் சர்வர் அறைக்குள் முழங்கால் தண்ணீர். கணக்குப் பிரிவுத் தலைவர் தாமோதரன் சார் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பெட்டியைத் தலையில் தூக்கிவந்தார். அப்படியும் ஒரு மாத வருகைப்பதிவு போச்சு. எல்லோருக்கும் சம்பளம் தள்ளிப்போனது.

மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதுதான்.

பார்க்க வேண்டியவை: மூன்று சர்வர். யு.பி.எஸ். பேட்டரி. ஏ.சி. (இரண்டில் ஒன்று சொட்டுகிறது). கரண்ட், டீசல். லைசென்ஸ் எல்லாம் எப்போது முடிகிறது.

கேஸ் புக் பண்ணணும். மறக்காதே.

அக். 7, செவ்வாய்

சென்னையிலிருந்து விக்னேஷ் வந்தார். கிளவுட் மாற்றிக்கொடுக்கும் கம்பெனியின் ஆள். நல்ல சட்டை, நல்ல பேச்சு. சர்வர் அறையில் கால் மணி நேரம், எம்.டி. அறையில் ஒன்றரை மணி நேரம்.

அறையைக் காட்டியது ஏழுமலை அண்ணன். எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். சர்வர் அறை, யு.பி.எஸ்., கேபிள் எல்லாம் இப்போது அவர் பொறுப்பு. ஆயுத பூஜைக்கு அவர் வைத்த சந்தனப் பொட்டு மூன்று பெட்டியிலும் காய்ந்து கிடக்கிறது. அதை விக்னேஷ் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஒரு வாரம் சர்வர்களின் உண்மையான உபயோகத்தை அளந்துவிட்டுக் கணக்குப் போடலாமே என்றேன். தேவையில்லை, இந்த அளவு கம்பெனிக்கு இவ்வளவுதான் என்று எங்களுக்கே தெரியும் என்றார். சாயங்காலமே மதிப்பீடு மெயிலில் வந்துவிட்டது.

நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. நானும் அளவு எடுக்கும் புரோகிராமை ஓடவிட்டேன். அது பாட்டுக்கு ஒரு வாரம் ஓடட்டும்.

அக். 8, புதன்

விக்னேஷின் மதிப்பீட்டை வரி வரியாகப் படித்தேன். டீ இரண்டு.

ஏன் குறைவு என்று தெரிந்துவிட்டது. ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் சர்வர்கள் அணைத்து வைக்கப்படும் என்று கணக்கு. வாடகை ஓடுகிற நேரத்துக்குத்தானே. அலுவலகமாக இருந்தால் சரி. இங்கே உலை அணைவதே இல்லை. மூன்று ஷிப்ட். விடியற்காலையில் ஊற்றுகிற உலோகத்தின் சூட்டு அளவுகூட சர்வரில்தான் பதிவாகிறது. போன் பண்ணிக் கேட்டேன். 'அதை அப்புறம் மாத்திக்கலாம் மேடம்' என்றார்.

இன்னொன்று. கடைசித் தாளில் 'சேமிப்பு' என்ற தலைப்பு. அதன் கீழே கரண்ட், ஏ.சி., பேட்டரி, பராமரிப்பு. கடைசி வரி: ஆட்கள், இரண்டு பேர்.

கம்ப்யூட்டர்ப் பிரிவில் இருப்பதே இரண்டு பேர். ஏழுமலை அண்ணன். நான்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. கவரைப்பேட்டை தாண்டியதுகூடத் தெரியவில்லை.

வீட்டில் அவரிடம் சொல்லவில்லை. கேஸ் புக் பண்ணியாச்சு.

அக். 9, வியாழன்

தூங்கி எழுந்ததும் ஒரு முடிவு. கணக்கை முழுசாகப் போட்டுவிடுவது. என் வேலைக்காக ஒரு ரூபாய் கூட்டுவதும் இல்லை, எம்.டி.க்குப் பிடிக்கட்டும் என்று ஒரு ரூபாய் குறைப்பதும் இல்லை.

தரக்கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். வார்ப்புகளுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அந்தப் படங்களை வாடிக்கையாளருக்காக வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். விக்னேஷின் கணக்கில் இந்தப் படங்களே இல்லை. அங்கே இருக்கும் பெண் தினமும் பழைய படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறாள். கிளவுடில் போட்டுவைக்க ஒரு காசு, அங்கிருந்து திருப்பி எடுக்க இன்னொரு காசு. போட்டுவைப்பது மலிவு. எடுப்பதுதான் கடிக்கும்.

விட்டுப்போனவை: இராத்திரி ஓட்டம். எக்ஸ்ரே படங்கள். பழையதும் புதியதும் சேர்ந்து ஓடவேண்டிய மாதங்கள். டாலர் ஏறினால் (வாடகை டாலரில்). ஜி.எஸ்.டி. ஆட்களுக்குப் பயிற்சி.

மதியத்துக்கு எனக்கும் புளிசாதமே கட்டியிருந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

அக். 10, வெள்ளி

காலை இடியோடு மழை. பதினோரு மணி வாக்கில் இன்டர்நெட் போச்சு. ஹைவே ஓரம் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள்.

விஜயவாடா லோடு ஏற்றிய லாரி கேட்டில். பில் நம் சர்வரில் அடித்தாயிற்று. சாலையில் காட்ட வேண்டிய இ-வே பில்லை மட்டும் நெட்டில் போய் எடுக்க வேண்டும். ஏழுமலை அண்ணன் தன் போனிலிருந்து நெட் கொடுத்து எடுத்துத் தந்தார். டிரைவர் ஆந்திராக்காரர், அதுவரை அண்ணனிடம் ஒரே புலம்பல். "இன்னா நைனா, எளாவூர் செக்போஸ்ட் தாண்டிட்டேன்னா நான் பாட்டுக்குப் போய்க்கினே இருப்பேன். இங்க நின்னா யாரு டப்பு குடுப்பா?"

பில்லும் கிளவுடில் இருந்திருந்தால் மொத்தப் பேக்டரியும் அந்த ஒரு போனை நம்பித்தான் நின்றிருக்கும். பின்னால் நாலு லாரி வேறு. ஆகவே இரண்டாவது இன்டர்நெட் லைன் வேண்டும். விக்னேஷும் ஒன்று போட்டிருக்கிறார், மலிவாக. மழை விட்டதும் குடை எடுத்துக்கொண்டு தொழிற்பேட்டை ரோட்டில் நடந்து போய், கேபிள் ஒட்டுகிற ஆட்களிடம் கேட்டேன். அந்த இரண்டாவது கம்பெனியின் கேபிளும் அதே பள்ளத்தில்தான் வருகிறதாம். அறுந்தால் இரண்டும் சேர்ந்தே அறுந்துபோகும். கம்பி இல்லாமல் டவர் வழியாக வருகிற லைன் விலை அதிகம். அதையே எழுதிக்கொண்டேன்.

செருப்பு பிய்ந்துவிட்டது.

அக். 11, சனி

ஏழுமலை அண்ணனிடம் சொல்லிவிட்டேன். வேறு யாராவது சொல்லி அவர் தெரிந்துகொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. யு.பி.எஸ். பக்கத்தில் நின்றுகொண்டு, சேமிப்பில் ஆட்கள் என்று ஒரு வரி இருக்கிறது, அது நாம் இரண்டு பேர்தான் என்றேன்.

பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தார்.

"உங்க பேரும் அதுல இருக்குதா?"

"ஆமாண்ணா."

"நம்ம பெரிய பொண்ண இப்பதான் நர்சிங் சேத்தேன்." மறுபடி துணியைப் பிரித்தார். "அந்த வரிய நீங்க எடுத்துட்டீங்கன்னா இன்னா ஆவும்?"

எடுக்க முடியாது என்றேன். எடுத்தால் மொத்தக் கணக்கையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் உலைப் பக்கம் இருக்கிற கம்ப்யூட்டர்களை எந்தக் கிளவுடும் தூக்கிக்கொண்டு போகமுடியாது, அதைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த உண்மையையும் எழுதுவேன் என்றேன்.

அவருக்குக் கோபம். சாயங்காலம் சொல்லாமலே போய்விட்டார். தினமும் என்னை ஸ்டேஷன் வரை பைக்கில் விடுவார். ஷேர் ஆட்டோவில் போனேன்.

அக். 12, ஞாயிறு

மாதா கோயில். பூசை முடிந்து மட்டன் வாங்க வரிசை.

மதியம் சாப்பிடும்போது அவரிடம் சொன்னேன். தட்டைத் தள்ளிவைத்தார். "உன் வேலை போறதுக்கு நீயே கணக்கு போட்டுக் குடுக்கிறியா?" என்று கேட்டார். சரியாகப் போட்டுக் கொடுக்கிறேன் என்றேன். பாத்திரத்தை அவரே கழுவினார்.

மகள் ஜெனிக்குக் கணக்குப் பரீட்சை நாளைக்கு. அவளும் நானும் ஒரே மேசையில், ஆளுக்கொரு கணக்கு.

அக். 14, செவ்வாய்

அளவெடுத்த புரோகிராம் ஒரு வாரம் முடித்தது. நல்ல செய்தியும் இருக்கிறது: மூன்று சர்வரில் ஒன்று பெரும்பாலும் சும்மாவே கிடக்கிறது. சின்னதாகப் பிடித்தால் போதும். விக்னேஷ் அதற்குப் பெரிய இடம் போட்டிருந்தார். குறைத்தேன்.

ஆனாலும் மொத்தம் அவர் சொன்னதைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல். முதல் இரண்டு வருடம் சேமிப்பு என்று ஒன்றுமே இல்லை.

தாமோதரன் சாரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். இதைக் காட்டினால் எம்.டி. மேடம் மொத்தத்தையும் கைவிட்டுவிடுவார் என்று பயம். விக்னேஷின் எண்ணையே முதலில் காட்டி ஒப்புதல் வாங்கலாம் என்றார்.

"ஸ்டெல்லா, தலையில பொட்டி தூக்கினவன் நான். சம்பளம் எப்பன்னு கேட்டு வந்தவங்க மூஞ்சியப் பாத்தவனும் நான்தான். இன்னொரு மழைக்கு இத இங்கயே வெச்சிக்கினு இருக்க முடியாதும்மா."

அவர் சொல்வதில் தப்பில்லை. அதுதான் கஷ்டம். ஆனால் மூன்றாவது மாதம் உண்மையான பில் வரும்போது மேடம் பாதியில் நிறுத்திவிட்டால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அதைச் சொன்னேன். அவர் டீ வாங்கித் தந்தார்.

அக். 16, வியாழன்

மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தேன்.

முதல் பகுதி, மழைக்கு முன்: கணக்கு, சம்பளம், வருகைப்பதிவு, மெயில். எக்ஸ்ரே படங்களுக்கு ஒரு நகல் மட்டும் கிளவுடில், வெறுமனே பத்திரத்துக்கு. தினமும் எடுத்துப் பார்ப்பது மாடியில் வைக்கப்போகும் பெட்டியிலிருந்து. உலைப் பக்கம் இப்போதைக்குத் தொடவேண்டாம்.

இரண்டாம் பகுதி: அடுத்த வருடம், முதல் பகுதியின் உண்மையான பில்களைப் பார்த்த பிறகு.

ஆட்கள் வரியை எடுக்கவில்லை. இரண்டு விதமாகவும் மொத்தம் போட்டேன், நாங்கள் இருந்தால், இல்லாவிட்டால். கீழே ஒரு குறிப்பு: இந்த வரி மதிப்பீடு போட்டவரின் வேலையைப் பற்றியது, வேறு ஒருவர் சரிபார்க்க வேண்டும்.

அந்தக் குறிப்பை எழுத ஒரு மதியம் ஆயிற்று.

சாயங்காலம் ஏழுமலை அண்ணன் பைக்கோடு கேட்டில். ஏறினேன்.

அக். 17, வெள்ளி

கூட்டம். பச்சைப் புடவை.

முதலில் விக்னேஷ் பேசினார். அடுத்து நான். இராத்திரி ஓட்டம், படங்கள், பள்ளத்தில் ஒரே கேபிள் என்று ஒவ்வொன்றாக. விக்னேஷ் மறுக்கவில்லை, அது ஆரம்ப மதிப்பீடுதான் என்றார். நல்ல மனிதர்தான், அவர் வேலை அது.

எம்.டி. மேடம் கடைசித் தாளைத் திருப்பினார். என் குறிப்பைப் படித்தார்.

"இதுல உங்க வேலையும் இருக்கு. உங்க நம்பர நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேணாம் மேடம். அளந்ததெல்லாம் இருக்கு. யார வெச்சு வேணும்னாலும் செக் பண்ணுங்க."

அப்போது தாமோதரன் சார், 'நான் பாத்தேன் மேடம், நேத்து உக்காந்து ஒவ்வொண்ணாப் பாத்தேன், சரியா இருக்கு' என்றார். எனக்கு அது தெரியாது. இரண்டு நாளாக அவர் என்னோடு சரியாகப் பேசவே இல்லை.

முடிவு: முதல் பகுதிக்கு ஒப்புதல், என் எண்ணின்படி. ஏழுமலை அண்ணன் உலைப் பக்கக் கம்ப்யூட்டர்களுக்கு மாற்றம், அது நிரந்தரம். என் விஷயம்: 'வேலைய முடிங்க, ஒரு வருஷம் கழிச்சுப் பாக்கலாம்.' அவ்வளவுதான்.

வெளியே வந்து ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன். அவர் விஷயத்தைக் கேட்டுத் தலையாட்டினார். என் விஷயத்தைக் கேட்டதும் சுவரைப் பார்த்தார். "இன்னா மேடம் இது பேஜாரா கீது," என்றார். இருக்கட்டும்ணா என்றேன். ஒரு வருடம் என்பது நிறைய அவகாசம். இந்த வேலையை முடித்த கையோடு இதே வேலையை வேறு எங்கும் செய்யலாம். இதை வீட்டிலும் சொல்ல வேண்டும்.

பட்டாசு. ஜெனிக்குப் புது செருப்பு. எனக்கும்.

நவ. 9, ஞாயிறு

மாற்றும் நாள். காலை நாஷ்டா தாமோதரன் சார் செலவு, பூரி. கணக்கும் சம்பளமும் போய்ச் சேர்ந்தது. ஒரு இடத்தில் நின்றது: தமிழில் அடித்த பெயர்கள் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தன. மதியம் முழுக்க அதோடு மல்லு. சரியானது. ஒவ்வொரு பெயராகச் சத்தமாகப் படித்துப் பார்த்தோம், தாமோதரன் சார் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

வெளியே தூறல்.

நவ. 29, சனி

புயல். முந்தாநாளிலிருந்து விடாத மழை. ரயில் இல்லை. தொழிற்பேட்டைக்குள் தண்ணீர், இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. உலையை அணைத்துவிட்டார்கள். இன்று சம்பள நாள்.

பொன்னேரி வீட்டில் மேசை மேல் லேப்டாப், நெட் அவருடைய போனிலிருந்து. தாமோதரன் சார் திருவள்ளூரில், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டரில். வருகைப்பதிவு முழுசாக இருக்கிறதா என்று நான்கு தடவை கேட்டார். இருந்தது. சம்பளப் பட்டியலை ஓட்டினோம். எம்.டி. மேடம் சென்னையிலிருந்து ஒப்புதல் கொடுத்தார். பேங்குக்குப் போய்விட்டது.

சாயங்காலம் ஏழுமலை அண்ணன் போன். பேக்டரியில்தான் இருக்கிறார், உலைப் பக்கக் கம்ப்யூட்டர்களை மேசை மேல் தூக்கி வைத்துவிட்டாராம். சர்வர் அறையில் தண்ணீர், ஆனால் பெட்டிகள் மாடிக்குப் போய்விட்டதால் உள்ளே கெட்டுப்போக ஒன்றுமில்லை என்றார்.

"சம்பளம் ஏறிடிச்சு மேடம். எல்லாருக்கும் வந்துகினு இருக்கு. உங்களுக்கு?"

அதுவரை பார்க்கவே தோன்றவில்லை. பார்த்தேன். ஏறியிருந்தது.