இரும்புச் சாவி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்றால் கேட்கவா போகிறீர்கள். நான் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

இங்கே வேலை என்றால் நடைதான். மண்ணுக்கடியில் புதைந்த சுவர்களைக் கண்டுபிடிக்கும் காந்தக் கருவியைச் சுமந்துகொண்டு, மைதானத்தில் நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருக்கிறேன். அறைக்கு வந்தாலும் கால் நிற்க மாட்டேன் என்கிறது. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடக்கிறேன்.

போன வாரம் ஒரு கூத்து. இரண்டு நாள் அளந்ததைப் படமாகப் போட்டால் சுவரைக் காணோம். நான் போன தடம் கறுப்பாகவும் திரும்பிய தடம் வெளுப்பாகவும் படம் முழுக்க வரிவரியாக விழுந்திருந்தது.

"உன்கிட்ட ஏதோ இரும்பு இருக்கும்மா, நல்லாப் பாரு," என்றார் மேலாளர்.

பெல்ட், ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் இறங்கியிருந்தேன். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டால் நம் வீட்டு வாசல் சாவி. அது அங்கேயே கிடந்து பழகி, இருப்பதே மறந்துபோயிருக்கிறது.

"இந்த ஊர்ல இது எந்தப் பூட்டுக்கும் ஆகாதே. எதுக்குச் சுமக்கறே?" என்று கேட்டார்.

சாவியை அறையில் வைத்துவிட்டு வந்து இரண்டு நாள் நடையையும் மறுபடி நடந்தேன், சுவர் தெரிந்தது, அவ்வளவுதான். கவலைப்படாதீர்கள்.

இரண்டு ஜோடி பருத்திக் காலுறை அனுப்புங்கள். பிறகு, வாசல் பூட்டு சிக்குகிறது, மாற்றப்போகிறேன் என்று எழுதியிருந்தீர்களே, முதலில் எண்ணெய் விட்டுப் பாருங்கள். மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால் பித்தளைச் சாவியாகப் பார்த்து வாங்குங்கள். பித்தளையைக் கருவி கண்டுகொள்ளாது. அதில் ஒன்றைக் காலுறைக்குள் வைத்து அனுப்பிவிடுங்கள்.

வேலைக்குக் கூட்டிப்போகும் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

உங்கள்
பெரியவள்