மூன்று தட்டு

14 அக்டோபர் 1974, திங்கள்
துணி துவைத்தேன். மழை, காயவில்லை. என் வீட்டுக்காரர் நார்மன் ஓட்ஸ் கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது வாரம். இன்று சொன்ன சொல்: ஒன்றும் இல்லை.

16 அக்டோபர், புதன்
பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஜிலியன் வந்தாள். சொல்லை அசை அசையாகப் பிரித்து, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்ட வேண்டுமாம். இன்றைய கிழமையை Wednesday என்று அட்டையில் எழுதிக் காட்டினாள். நான் அவர் கையைப் பிடித்து மூன்று முறை தட்டிவிட்டேன். வெட்-நெஸ்-டே.

"ரெண்டுதாம்மா. வென்ஸ்-டே. நடுவுல சில எழுத்து சும்மா உக்காந்திருக்கு. எழுதுவோம், சொல்ல மாட்டோம்."

எனக்குத் தெரியாதா? வாயில் சரியாகத்தான் வரும். எழுத்தில் பார்த்தால்தான் குழப்பம். பன்னிரண்டு வயதில் ஆலைக்குப் போனவள், வேதாகமத்தை வைத்து நானாகப் படித்தேன். அதில் இந்தக் கிழமை ஏது? இருபது வயதில் சபையில் அறிவிப்பு வாசிக்கச் சொன்னார்கள். ஓர் எழுத்தையும் விடக் கூடாதென்று, "வெட்-நெஸ்-டே மாலை ஜெபக்கூட்டம்" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தேன். கடைசி வரிசையில் வாய்விட்டுச் சிரித்தவர் நார்மன். அன்று வீடுவரை கூடவே நடந்து வந்தார். அதிலிருந்து புதன் தவறாமல், "அடியே வெட்நெஸ்டே, டீ எங்க?"

எத்தனை தடவை கோபித்திருப்பேன்!

23 அக்டோபர், புதன்
வாய் திறந்தார். காற்றுதான் வந்தது.

30 அக்டோபர், புதன்
வாசலில் ஜிலியன் குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த வாரம் ஒரு சொல்லாவது வரணும்மா. இல்லன்னா ஆஸ்பத்திரியில இதுக்கு மேல என்னை இங்க அனுப்ப மாட்டாங்க."

ஆண்டவரே, ஒரே ஒரு சொல். எதுவானாலும் சரி. கெட்ட வார்த்தையானாலும் — மன்னியும் — சரி.

6 நவம்பர், புதன்
அட்டையைக் காட்டினாள். "ரெண்டு தட்டு, நார்மன்."

அவர் அட்டையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இடது கையால் ஒன்று தட்டினார். இரண்டு. கை அந்தரத்தில் நின்றது. வாயின் ஒரு ஓரம் மேலே ஏறியது — எனக்குத் தெரிந்த சிரிப்பு. மூன்று.

"வெ...நெ...டே."

"அய்யோ, பேசிட்டாரு! ஆனா ரெண்டு தட்டுதானே..." என்றாள் ஜிலியன்.

"இல்லடி பொண்ணே. இந்த வீட்ல மூணு."



13 நவம்பர், வெட்-நெஸ்-டே
ஜிலியன் வந்தாள். இன்று சொன்ன சொல்: டீ. இரண்டு தடவை. முதல் தடவை காது கேட்காதவள் போல் இருந்துவிட்டேன்.