பத்தடி குறைந்த விமானம்

1971 ஜனவரி 18, திங்கள்
கல்லூரி விடுதியை மூடிவிட்டார்கள். சாம்பார் சரியில்லை என்று ஆரம்பித்த தகராறு வேலைநிறுத்தத்தில் வந்து நிற்கிறது. கடைசி வருஷத்துக் குழு வேலைக்கு மட்டும் விடுமுறை இல்லை: எட்டு முதலாளிகள் உட்கார்ந்து போக ஒரு ஜெட் விமானம் வரைந்து கொடுக்க வேண்டும். தேறாவிட்டால் பட்டம் கிடையாது. அந்தோணியும் வேலாயுதமும் பெட்டியோடு காஞ்சிபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். எங்கள் மூவரில் ஒருவரும் விமானத்தில் ஏறியதில்லை.

ஜனவரி 21
தறிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நாய்னா நெய்துகொண்டே கேட்டார்: "எட்டு பேருதானா? சம்பந்தி வூட்டுக்காரங்க எங்கப்பா குந்துவாங்க?" வேலாயுதம் அதையும் குறித்துக்கொண்டான். முட்டாள்.

ஜனவரி 29
கிராப் தாள் தீர்ந்துவிட்டது. தங்கை காந்தா, புடவைக்குப் பூ வரைகிற தாளைக் கொடுத்தாள். ஒரு கட்டம் ஓரடி என்று எண்ணி எண்ணி வரைந்து முடித்தோம். அழகாகத்தான் இருக்கிறது — கொஞ்சம் குண்டு.

பிப்ரவரி 8
மானம் போயிற்று. பேராசிரியர் ஸ்கேலை வைத்தார்.
"என்னய்யா சிட்டிபாபு, நீளம் அம்பது அடின்னு எழுதியிருக்கே. நாப்பதுதான் இருக்கு. மீதி பத்தடி எங்கே?"
அந்தோணி, "வந்துடும் சார்" என்றான். எங்கிருந்து வரும்?
கெடு முடிந்துவிட்டதாம், புதுப் படம் வாங்க மாட்டாராம். இரண்டு வாரத்தில் இதே படம் சரி என்று நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம்.

பிப்ரவரி 9
காந்தா சிரிக்கிறாள். "எங்க கட்டம் சதுரமே இல்லியேண்ணா. நீளவாக்குல குறுகலு." எனக்குக் கோபம் வந்தது — அவள்மேலா, என்மேலா? நாய்னா மட்டும் படத்தை வாங்கிப் பார்த்தார். "நீளத்துப் பாவும் குறுக்கால போற ஊடையும் இழைக்கு இழை சமமா வச்சி நெய்ஞ்சா கட்டம் சதுரமாப்பூடும்பா. விமானமும் நேராயிடும்."
நெய்வதா?

பிப்ரவரி 22
நெய்தே விட்டோம். அரக்குப் பட்டில் ஜரிகை விமானம். பேராசிரியர் இறக்கையை அளந்தார், உடம்பை அளந்தார், கணக்குப் போட்டார். ஐம்பது அடி. மறுபடி அளந்தார். ஐம்பது. பிறகு ஜரிகையைத் தடவி, "அசலா?" என்றார்.
தேறிவிட்டோம்.

ஜூன் 3
வேலை கேட்டு எழுதிய எந்த விமானக் கம்பெனியும் பதில் போடவில்லை.

செப்டம்பர் 12
பேராசிரியர் பெண்ணுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவைக் கரையில் எங்கள் விமானம் வேண்டுமாம். சக்கரங்கள் உள்ளே மடிந்திருக்க வேண்டுமாம். காந்தாவுக்குப் பக்கத்தில் எனக்கும் புடவைக்குப் பூ வரைய ஒரு பலகை போட்டிருக்கிறார்கள். கரையின் அகலம் போதவில்லை. இறக்கையில் இரண்டு கட்டம் குறைக்க வேண்டியிருந்தது. மனசே வரவில்லை. பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
காந்தா எட்டிப் பார்த்தாள். "கொறைச்சிக்கோண்ணா. பறக்கவா போவுது?"