சும்மா இருக்கத் தெரியாத இடது கால்

போன வாரம் என் தம்பி மகன் தன் புதுக் காரில் என்னை டவுணுக்குக் கூட்டிப் போனான். கிளட்ச் இல்லாத வண்டி. கொக்கிரகுளத்து ஆற்றுப் பாலத்தில் நெரிசல். வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருக்க, அவனுடைய இடது கால் மட்டும் ஒரு வேலையும் இல்லாமல் ஓரமாகச் சாய்ந்து கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பயமா இருக்கா?" என்று கேட்டான். இல்லையென்று தலையாட்டினேன். உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் மச்சான்.

உங்கள் இடது காலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பதினோரு வருஷம் செங்கோட்டை மலை ஏறிக் கொல்லத்துக்கு லாரி ஓட்டிய கால் அது. உங்கள் செருப்பில் இடதுதான் முதலில் தேயும். வலது புதிதாகவே இருக்கும். அந்தக் காலை நம்பித்தான் தொண்ணூறுகளின் நடுவில் அரபு நாட்டுக்கு விமானம் ஏறினீர்கள்.

மூன்றாம் மாதம் உங்கள் குரலோடு ஒரு கேசட் வந்தது. உங்கள் உம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். "பெரிய தண்ணி லாரிம்மா. கியர் போடுத வேலையே இல்ல. சுகமா ஓட்டுதேன்" என்றீர்கள். மாமிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கடைசியில், "மறுபக்கத்த எம் பொண்டாட்டி மட்டும் தனியாக் கேக்கட்டும்" என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏதோ கொஞ்சல் என்று நானும் நினைத்தேன்.

கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். "புள்ள, நான் இன்னும் லாரிய ஓட்டல. யார்டுல வண்டி கழுவுதேன். லைசென்ஸ் டெஸ்டுல ரெண்டு தடவ பெயிலாயிட்டேன். இடது காலு கெடந்த எடத்துல கெடக்க மாட்டேங்கு. கிளச்சுன்னு நெனச்சு பிரேக்கப் போட்டு மிதிச்சிருது. சோதிக்க வந்த போலீஸ்காரருக்கு நெத்தி கண்ணாடில இடிச்சுட்டு. இன்னொரு தடவ தோத்தா ஊருக்கு அனுப்பிருவான்."

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை. இரண்டு நாள் பீடி சுற்றிக்கொண்டே யோசித்தேன். பிறகு பதில் கேசட்டில் சொன்னேன்: "இடது காலுல மட்டும் செருப்பு போடாதீங்க. வெறுங்கால மடக்கி சீட்டுக்கடியில வச்சுக்கோங்க. வீட்டுல இருக்கோம்னு நெனச்சு அது சும்மா இருந்துக்கிடும்." வண்டியைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? வாயில் வந்ததைச் சொன்னேன். மூன்றாம் தடவை தேறிவிட்டீர்கள். ஆனால், கியர் இல்லாத வண்டி மட்டுமே ஓட்டலாம் என்று லைசென்ஸில் எழுதியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தபோது புதுக் கவலையோடு வந்தீர்கள். கம்பெனி இனிமேல் கியர் லாரிதான் வாங்கப் போகிறதாம். அதற்குத் தனி டெஸ்ட் ஓட்டிக் காட்ட வேண்டுமாம். பழைய கூட்டாளியின் லாரியைக் கேட்டு வாங்கி, "வா புள்ள, ஒரு சுத்து போயிட்டு வருவோம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டீர்கள்.

ஈரடுக்குப் பாலத்து ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நீங்கள் கிளட்சை மிதிக்காமல் பிரேக்கை மட்டும் போட்டீர்கள். லாரி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. திரும்ப எடுத்தீர்கள்; துள்ளி அணைந்தது. இப்போது இடது கால் தூங்கிவிட்டிருந்தது. பின்னாலிருந்து ஓயாத ஹாரன். "வே, லைசென்ஸ எங்கன வாங்குனீரு?" என்று ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேலப்பாளையம் பஸ்ஸில் தெரிந்த முகங்கள். நான் துப்பட்டியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.

நீங்கள் திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். "பைய, பைய" என்று உங்களுக்கே சொல்லிக்கொண்டு நாலாவது தடவை வண்டியை நகர்த்தினீர்கள்.

மறுநாள் காலையில், "வாறியா?" என்று கேட்டீர்கள். பீடியைக் கடையில் கொடுக்கப் போக வேண்டும் என்றேன். அன்று வெள்ளிக்கிழமை, கடை கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். "சரி புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். லீவு முடியும்வரை தினமும் தனியாகவே போய் அந்தப் பாலத்தில் ஏறி இறங்கிப் பழகினீர்கள்.

திரும்பிப் போய்க் கியர் டெஸ்டிலும் தேறினீர்கள். அடுத்து வந்த கேசட்டில் மறுபக்கம் எதுவும் பேசப்படவில்லை. எல்லார் முன்னாலும் ஓடிய பக்கத்திலேயே சொன்னீர்கள்: "உம்மா, அன்னைக்கு லாரி ஓட்டுதேன்னு சொன்னது பொய். ரெண்டு தடவ பெயிலாகி வண்டி கழுவிட்டுக் கெடந்தேன். உங்க மருமக சொன்ன யோசனையிலதான் பொழச்சேன்." மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். கூடியிருந்தவர்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு, நீங்கள் கண்மூடும்வரை இருபது வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தோம். பாலத்தில் நான் ஏன் முகத்தை மூடினேன் என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீங்கள் கேட்காததால் அது இன்னும் என்னிடமே இருக்கிறது.