படிக்காமல் போட்ட கையெழுத்து

அக்டோபர் 2

"டெல்லி, கோட்டை, நம்ம ஊராட்சி, மூணுல எது சார் பெரிசு?" எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது செல்வி கேட்ட கேள்வி. வகுப்பறைக் கூரை ஒழுகினால் முதலில் தெரிவது அதன் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத்தான், அந்தப் பிள்ளை சொன்னால்தான் தலைமையாசிரியருக்கே தெரியும் என்றேன்.

இன்று கிராம சபைக்கு அவள் நைட் ஷிப்ட் முடித்த கையோடு, கார் கம்பெனி யூனிபாரத்திலேயே வந்திருந்தாள். தொழிற்பேட்டைக்குச் சாலை போட்டபோது ஏரிக் கால்வாயை மண் மூடிவிட்டது. போன மழையில் அவள் வீட்டுக்குள் முழங்காலளவு தண்ணீர். ஐப்பசி மழைக்குள் தூர் வார வேண்டும் என்றாள்.

"அது தொழிற்பேட்டை கால்வாய்மா. நம்ம கையில இன்னா கீது?" என்றார் ஊராட்சிச் செயலர்.

"தண்ணி இன்னா, ஆபீஸ் பேரு கேட்டுகினா சார் வூட்டுக்குள்ள வருது?"

சபையே சிரித்தது. நான் எழுந்து, இதைத் தீர்மானமாக எழுதி மாவட்டத்துக்கு அனுப்பலாமே என்றேன்.

"தீர்மானமெல்லாம் காலையிலயே எழுதியாச்சு சார். கீழ நீங்களும் கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றார் செயலர்.

உண்மைதான். நுழையும்போதே வாசலில் தீர்மான நோட்டை நீட்டினார்கள். எல்லோரையும் போல நானும் போட்டுவிட்டு டீ வாங்கிக்கொண்டேன். குடிமையியல் நடத்தியவன்!

"பரவால்ல சார்" என்றாள் செல்வி. அதுதான் உறுத்துகிறது. நாளை அவளோடு போய் மனு கொடுக்கலாம். ஆனால் மனு ஒருத்தியின் குரல், தீர்மானம் ஊரின் குரல். அடுத்த சபை கூடுவதற்குள் மழை வந்துவிடும்.

இனிமேல் நோட்டு கைக்கு வந்தால், முதலில் சத்தமாகப் படி. பிறகு கையெழுத்துப் போடு.