ஒரே டேபிள்ல ஆறு பேர்

14.5.96, செவ்வாய்

ஞாயித்துக்கெழமை மேட்டுப்பாளையம் ரோட்டுல இருக்கற தண்ணி பார்க்குக்குப் போறோம். நாங்க ரெண்டு பேரு, குழந்தைக ரெண்டு, இவரோட தங்கச்சி, அவ ஊட்டுக்காரர். அங்க சாப்பாட்டுக்குன்னு ஒரு கார்டு விக்கறாங்களாம். வாங்கிட்டா பில்லுல கால்வாசி தள்ளுபடி. ஆனா ஆறு பேரும் ஒரே நேரத்துல, ஒரே டேபிள்ல உக்காந்து சாப்பிடோணும்.

இவர் அந்தப் பார்க்கு நோட்டீசை ரெண்டு தடவை படிச்சுப்போட்டு, "இது நமக்குச் சரிப்படாது அம்மணி. ஆறு பேரும் உக்காந்துட்டா பரிமாறறது யாரு?"ன்னார். நெசமாத்தான் கேட்டார்.

தங்கச்சி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலை. கல்யாணமாகிப் பதினோரு வருசமா, எல்லாரும் சாப்பிட்டு எந்திரிச்ச பொறகுதான் நான் எனக்குச் சோறு போட்டிருக்கேன். அவர் அதைத் தப்புன்னு நெனைச்சதில்லை. இன்னிக்கு வரைக்கும் நானும் நெனைச்சதில்லை.

"அங்க பரிமாற ஆளு இருக்குதுங்க. கார்டை வாங்கிப்போடுங்க"ன்னேன். அவர் நோட்டீசை மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

வாங்கிருவார். ஞாயித்துக்கெழமை யாரோ ஒருத்தர் எம்பக்கத்துல வந்து நின்னு, "இன்னுங் கொஞ்சம் சாதம் வைக்கட்டுங்களா?"ன்னு கேப்பார்.

போதும்னு சொல்ல மாட்டேன்.